உணவு ஒவ்வாமையும் நம் கடைச் சரக்கும்

‘அலர்ஜி’ என்ற சொல் நம் வட்டாரத்து வணிகர்களுக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிலில் உள்ளவர்கள் யாரைக் கேட்டாலும் ‘குரோமியம் 6’ பற்றிச் சொல்வார்கள். உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ அது இருந்தால் ஐரோப்பிய நாடுகளில் அந்தச் சரக்கை விற்கக் கூடாது என்ற விதி 2015 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது. அணிகிறவரின் உடம்பில் அரிப்பும் தடிப்பும் புண்ணும் உண்டாகிறது என்பதே அந்த விதிக்குக் காரணம். அதாவது அலர்ஜிதான் காரணம்.

காலில் போடும் ஷூவுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், வாயில் போடும் பண்டத்துக்கு எவ்வளவு வேண்டும்? நம்மிடம் வாங்கிப் போகும் வேர்க்கடலையோ முந்திரியோ எள்ளோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நல்ல உணவு. மீதியுள்ள ஒரு சிலருக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. அந்த ஒரு சிலரும் நம் வாடிக்கையாளர்களே. நான் டாக்டர் அல்ல. மளிகை மொத்த வியாபாரத்தில் காலம் கழித்தவன். டாக்டர்கள் சொல்வதையும் நூல்களில் உள்ளதையும் நம் கடைக்குப் பொருந்தும் விதத்தில் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒவ்வாமை என்பது என்ன?

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. சிலரது உடம்பில் அந்தக் காவல் படை, ஒரு தீங்கும் செய்யாத பால் புரதத்தையோ கடலைப் புரதத்தையோ எதிரி என்று தவறாக எண்ணி ஆயுதம் எடுத்துவிடுகிறது. அந்த ஆயுதத்துக்கு ‘ஐ.ஜி.ஈ.’ என்று பெயர். அந்த உணவு மறுபடி உள்ளே போனதும் உடம்பு ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுகிறது. அதனால்தான் தடிப்பும் வீக்கமும் மூச்சுத் திணறலும்.

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் பிர்கே. 1921-ல் ஜெர்மனியில் இரு டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய இரத்த நீரை எடுத்து மற்றவரின் தோலில் செலுத்தினார்கள். பிறகு அதே இடத்தில் மீன் சத்தைச் செலுத்தியதும் அங்கே மட்டும் தடித்தது. ஒவ்வாமைக்குக் காரணமான ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்றுதான் ஐ.ஜி.ஈ. என்று 1960-களில் கண்டறிந்தார்கள்.

சாப்பிட்டபின் வரும் தொல்லை எல்லாம் ஒவ்வாமை ஆகாது. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைவு, அவ்வளவுதான். அவர்களுக்கு உயிராபத்து இல்லை. சரியாக ஐஸ் வைக்காமல் வந்த சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் தானாகவே உண்டாகிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதைச் சாப்பிட்ட வீட்டில் நாலு பேருக்கும் முகம் சிவந்து உடம்பு அரிக்கும். அது மீனின் குற்றம். ஒரே பந்தியில் உட்கார்ந்த நாலு பேரில் ஒருவருக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் அதே பொருளால் வருமானால், அப்போதுதான் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கத்தரிக்காய் எனக்கு அலர்ஜி’ என்று சொல்பவர்கள் நம்மில் ஏராளம். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கத்தரிக்காயிலேயே இயற்கையாக ஹிஸ்டமின் உண்டு. ஆகையால் நாக்கு அரித்தவர் எல்லாருக்கும் உண்மையான ஒவ்வாமை இருப்பதாகச் சொல்ல முடியாது.

கோதுமையால் வரும் ‘சீலியாக்’ நோய் இன்னொரு வகை. இது மெல்ல மெல்லக் குடலைக் கெடுப்பது. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வட இந்தியாவில் ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்நோய் இருந்தது. தென்னிந்தியாவில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவே. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், இங்கே 25 கிராம்தான் என்பதும் அதே ஆய்வில் கண்டது. நம் பக்கம் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறி வருவதைக் கோதுமை விற்கும் நாம் அறிவோம். ஆகவே இந்நோயின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அறிகுறிகள்

உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உதடும் நாக்கும் அரிப்பது, உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடிப்பது, கண் இமை வீங்குவது, வயிற்றைப் பிசைந்து வாந்தி வருவது ஆகியவை முதல் அறிகுறிகள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் அது அபாய நிலை:

– குரல் கம்முதல், தொண்டை அடைத்தல், எச்சில் விழுங்க முடியாமை
– இழுப்பு, மூச்சுத் திணறல், விடாத இருமல்
– தலைசுற்றல், முகம் வெளுத்தல், மயக்கம்
– சிறு குழந்தையானால் திடீரென்று துவண்டு போதல்

இந்த நிலைக்கு ‘அனஃபிலாக்சிஸ்’ என்று பெயர். தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரலாம். ‘தடிப்பு ஒன்றும் இல்லையே’ என்று யாரும் நேரத்தை வீணாக்கக் கூடாது.

எந்தெந்தச் சரக்கு?

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் வெளியிட்ட லேபிள் விதிகளில் எட்டு வகைகள் குறிக்கப்பட்டுள்ளன. 1. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள். 2. இறால், நண்டு வகை. 3. பாலும் பால் பொருட்களும். 4. முட்டை. 5. மீன். 6. வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா போன்றவை. 7. சோயா. 8. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட். பாக்கெட் உணவில் இவை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும்.

எட்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. நிறம் மாறாமல் பொன்னிறமாக இருக்கும் உலர் திராட்சைக்கும் ஆப்ரிகாட்டுக்கும் கந்தகப் புகை காட்டுவது வழக்கம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அந்தச் சல்ஃபைட் இழுப்பைக் கொண்டு வரும்.

எள்ளும் கடுகும் நம் நாட்டுப் பட்டியலில் இல்லை. ஐரோப்பியப் பட்டியலில் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள் சேர்க்கப்பட்டுள்ளது. பட்டியலில் இல்லை என்பதற்காக எள்ளுருண்டை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. கொண்டைக்கடலை, துவரை, உளுந்து போன்ற பருப்புகளால் ஒவ்வாமை வருவதும் நம் நாட்டில் உண்டு.

ஒரே பண்டத்தில் பல சேர்ந்திருப்பதும் உண்டு. ஆற்காடு மக்கன் பேடாவில் கோவாவும் மைதாவும் உள்ளே முந்திரி பாதாமும் உண்டு. ரம்ஜானுக்குச் செய்யும் ஷீர் குர்மாவில் பாலும் கோதுமைச் சேமியாவும் பிஸ்தாவும் சேரும். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

எண்ணெயில் ஒரு வேறுபாடு உண்டு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இராது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். செக்கு எண்ணெய் உயர்ந்தது என்று சொல்லி விற்கும் நாம் இந்த வேறுபாட்டையும் அறிந்திருக்க வேண்டும்.

பரிசோதனை

பரிசோதனையில் முதலாவது டாக்டர் கேட்கும் கேள்விகள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரத்தில் வந்தது, முன்பு எத்தனை தடவை வந்தது, அப்போதெல்லாம் என்ன சாப்பிட்டார் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது. கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இது கஷ்டமில்லை. சாப்பிட்ட பாக்கெட்டின் உறையையும் எடுத்துப் போக வேண்டும்.

அடுத்தது தோல் சோதனை. சந்தேகப்படும் உணவின் சத்தை முன்கையில் ஒரு சொட்டு வைத்து ஊசி நுனியால் இலேசாகக் கீறுவார்கள். கால் மணி நேரத்தில் கொசுக்கடி போல் தடித்தால் ‘பாசிடிவ்’. இரத்தத்தில் அந்த உணவுக்குரிய ஐ.ஜி.ஈ. அளவைப் பார்ப்பது இன்னொரு வழி. தோல் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு முதுகில் ஒட்டு ஒட்டி இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கும் சோதனை வேறு. அது குரோமியம் போன்ற பொருள் தோலில் பட்டு வரும் ஒவ்வாமைக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இங்கே வணிகப் பெருமக்கள் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைக்க வேண்டும். சோதனையில் ‘பாசிடிவ்’ வந்தவர் எல்லாருக்கும் நோய் இருப்பதாகப் பொருள் இல்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. அதில் இரத்தச் சோதனைப்படி 26.5 சதவீதம் பேர் ஏதாவது ஓர் உணவுக்குப் பாசிடிவ். ஆனால் அந்த உணவைச் சாப்பிட்டு உண்மையிலேயே தொல்லைப்பட்டு, சோதனையும் அதற்கு ஒத்துவந்தவர்கள் 1.2 சதவீதம்தான். இருபதுக்கு ஒன்று என்ற கணக்குக்கூட இல்லை. இதை அறியாமல், நூறு இருநூறு பொருட்களுக்கு ஒரே தடவையில் இரத்தம் பார்க்கும் ‘பேக்கேஜ்’ சோதனையைச் செய்துகொண்டு, ரிப்போர்ட்டில் சிவப்பு மை விழுந்ததையெல்லாம் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பால், முட்டை, பருப்பு, கோதுமை எல்லாம் நின்றுபோனால் வளரும் பிள்ளை என்ன ஆகும்? ‘ஐ.ஜி.ஜி.’ என்ற பெயரில் விற்கும் உணவுச் சோதனையை ஒவ்வாமை நிபுணர் சங்கங்கள் ஏற்பதே இல்லை. அது அந்த உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் காட்டும்.

முடிவான சோதனை, ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்முன் அந்த உணவை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதே. இதை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது. சீலியாக் நோய்க்கு இரத்தம் பார்ப்பதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் சோதனை தவறான முடிவைக் காட்டும். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்று நாடெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். அந்த வேலூரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, விளம்பரத்தைப் பார்த்துச் சோதனைக்குப் பணம் கட்டுவது நமக்கு அழகல்ல.

சிகிச்சை

ஒத்துக்கொள்ளாத உணவை அறவே விலக்குவதே முதல் சிகிச்சை. இலேசான தடிப்புக்கும் அரிப்புக்கும் செட்ரிசின் போன்ற மாத்திரையை டாக்டர் கொடுப்பார். அபாய நிலை வந்துவிட்டால் அந்த மாத்திரை போதாது. அப்போது உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம் என்பது கணக்கு. விலை மலிவான மருந்துதான். தாமதமே ஆளைக் கொல்கிறது. மேல்நாடுகளில் பேனா வடிவில் தானாகவே குத்திக்கொள்ளும் ஊசி உண்டு. நம் பக்கம் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நமக்கு ஆஸ்பத்திரிக்கு விரைவதே வழி.

108-க்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் வரும்வரை நோயாளியைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. வாந்தி எடுக்க வைப்பது, மோர், வெல்லம், வெற்றிலை மிளகுக் கஷாயம் கொடுப்பது ஆகியவை வேண்டாம். தெளிந்துவிட்ட பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். ஆகவே டாக்டர் போகச் சொல்லும்வரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏற நீங்கிவிடும். வேர்க்கடலை, முந்திரி, இறால் ஒவ்வாமை பெரும்பாலும் நீடிக்கும். மிகச் சிறிய அளவில் தொடங்கி உடம்பைப் பழக்கும் சிகிச்சை சில நாடுகளில் நடக்கிறது. ‘ஓமாலிசுமாப்’ என்ற ஊசி மருந்தை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2024-ல் அனுமதித்தது. இவை நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கவை.

வராமல் தடுக்க வழி உண்டா? லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. எல்லாரும் ஒவ்வாமை வரக்கூடும் என்று கருதப்பட்ட குழந்தைகள். வேர்க்கடலை உணவைச் சிறு வயதிலேயே ஊட்டப்பட்டவர்களில் ஐந்து வயதில் 3.2 சதவீதத்தினருக்கும், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. பயந்து ஒளித்து வைப்பது பலன் தரவில்லை என்று இதனால் தெரிகிறது. ஆனால் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக் கடலையைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். குழைவாக அரைத்தே கொடுக்க வேண்டும்.

வணிகரின் பொறுப்பு

இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷயர் பகுதியில் இந்திய உணவு விடுதிகள் நடத்திய ஒருவர், பாதாம் பொடிக்குப் பதிலாக விலை குறைந்த, வேர்க்கடலை கலந்த பொடியை வாங்கத் தொடங்கினார். வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு உடம்பு கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அப்போதும் அவர் சரக்கை மாற்றவில்லை. மூன்று வாரம் கழித்து, 2014 ஜனவரியில், ‘கடலை வகை எதுவும் சேர்க்காதே’ என்று சொல்லியே வாங்கிப் போன 38 வயது வாடிக்கையாளர் இறந்தார். 2016-ல் அந்த முதலாளிக்கு ஆறு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. கிலோவுக்கு மிச்சமான தொகை எவ்வளவு, போனது என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

அதே 2014-ன் கடைசியில் அமெரிக்காவில் சீரகத்தூளில் வேர்க்கடலை கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சீரகத்தூள் சேர்த்த மசாலாக்களும் தயாரித்த உணவுகளும் நூற்றுக்கணக்கில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மூலச் சரக்கு ஒன்றில் நடந்த கலப்பு எத்தனை கைகளைத் தாண்டிப் போகிறது என்பதற்கு இது சாட்சி.

நம் கடைகளில் பாதிக்கு மேல் சில்லறையாக அள்ளிக் கொடுக்கும் சரக்கு. சாக்கு மூட்டைக்கு லேபிள் இல்லை. ஆகவே வாடிக்கையாளருக்கு நம் வாய்ச்சொல்லே லேபிள். செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. பெயரை முழுதாகச் சொல்லவும், பில்லிலும் முழுதாக எழுதவும். ‘கடலை’ என்று மட்டும் சொன்னால் ஆபத்து. கடலை மாவு கொண்டைக்கடலையில் ஆவது, கடலை எண்ணெய் வேர்க்கடலையில் ஆவது, கடலை மிட்டாயும் வேர்க்கடலையே. பொட்டுக்கடலை வேறு. ஒரே பொருளை வேர்க்கடலை, மல்லாட்டை, மணிலா என்று தமிழிலேயே மூன்று விதமாகச் சொல்கிறோம். நம் கடைக்குத் தெலுங்கும் உருதும் பேசுவோரும் வருகிறார்கள். சந்தேகம் இருந்தால் கையில் எடுத்துக் காட்டிவிடுவது நல்லது.

2. மூட்டைக்கு மூட்டை தனி அள்ளும் டப்பா வேண்டும். வேர்க்கடலை அள்ளிய டப்பாவை முந்திரிக்கோ பருப்புக்கோ போடக் கூடாது.

3. வேர்க்கடலை, எள் மூட்டைகளைக் கீழ் வரிசையில் தனியாக அடுக்கவும். மேலே வைத்தால் கிழிந்த சாக்கிலிருந்து கீழுள்ள சரக்கில் கொட்டும்.

4. அரவை மில் வைத்திருப்பவர்கள், கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகையோ அரிசியையோ போட்டால் அதில் கோதுமை கலக்கும். சீலியாக் நோயாளி கேட்டால் இதை ஒளிக்காமல் சொல்லவும்.

5. மூட்டையைப் பிரித்துச் சிறு பாக்கெட்டாகப் போட்டு விற்றால் லேபிள் விதி நம்மையும் சேரும். மூலப் பெட்டியின் லேபிளைச் சரக்குத் தீரும்வரை கிழிக்காமல் வைத்திருக்கவும்.

6. வழக்கமான சரக்கு கிடைக்காமல் மாற்றுச் சரக்கு அனுப்பினால், இனிப்புக் கடைக்கும் ஓட்டலுக்கும் முன்கூட்டியே சொல்லி, சிட்டையிலும் எழுதவும். பாதாம் பொடி, முந்திரித் தூள், அரைத்த மசாலா விஷயத்தில் இது மிக முக்கியம்.

7. மிக்சரும் காராபூந்தியும் போடுபவர்கள், வேர்க்கடலை வறுத்த எண்ணெயிலேயே மற்றதையும் போடுகிறோமா என்பதை அறிந்து, கேட்பவருக்குச் சொல்லவும்.

8. கடைப் பையன்களுக்கு மூன்று பதில்களைப் பழக்கவும்: ‘இருக்கிறது’, ‘இல்லை’, ‘தெரியவில்லை, முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்’. வியாபாரம் போய்விடுமே என்று ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை, தைரியமாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லும் வழக்கத்தை உடனே நிறுத்தவும்.

இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பத்து அள்ளும் டப்பாவும் ஒரு பேனாவும் கொஞ்சம் கவனமும் போதும். ஒரு தாய் வந்து, ‘என் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, இதில் இருக்கிறதா?’ என்று கேட்டால், அவர் நம்மை நம்பிக் கேட்கிறார். தெரியாத சரக்கைத் தெரியாது என்று சொல்லி ஒரு விற்பனை போனாலும், அந்த வீட்டு மாதச் சாமான் பட்டியல் மறுமாதமும் நம் கடைக்கே வரும். சங்க உறுப்பினர்கள் இந்த எட்டு குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.